வாட் கணக்கு: வெக்ஸ்போர்ட் வீட்டில் மின்சாரம், வெப்பம், வெயில்

ரொறன்ரோவின் ஸ்காபுறோப் பகுதியில் இருக்கும் வெக்ஸ்போர்டில் ஒரு வீட்டுக்குக் குடிவந்த முதல் சில மாதங்களிலேயே விதவிதமான அளவுகள் கண்ணில் படும். ஹைட்ரோ பில் எனப்படும் மின்சார பில்லில் கிலோவாட்மணி, காஸ் பில்லில் கன மீட்டர், பேஸ்மென்ட் மூலையில் நிற்கும் ஃபர்னஸின் தகட்டில் 60,000 பி.டி.யு. கோடையில் ஏசி போட ஆள் வந்தால், "இந்த வீட்டுக்கு ரெண்டு டன் போதும் அண்ணை" என்பார். மின்குமிழ்ப் பெட்டியில் 800 லூமென் என்றிருக்கும். வானிலைச் செய்தியில் புறஊதாச் சுட்டெண் 8 என்பார்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு சங்கதி போலத் தெரிந்தாலும், கிலோவாட்மணியையும் கன மீட்டரையும் தவிர மற்ற எல்லாம் ஒரே கேள்விக்கான பதில்கள்தான்: சக்தி என்ன வேகத்தில் பாய்கிறது?

அந்த வேகத்தின் அலகு வாட். ஒரு விநாடிக்கு ஒரு ஜூல் சக்தி போனால் அது ஒரு வாட். இதை இலங்கைப் பாடநூல்கள் வலு என்றும், தமிழ்நாட்டுப் பாடநூல்கள் திறன் என்றும் சொல்லும். எண் எந்த அலகில் வந்தாலும் முதலில் அதை வாட்டுக்கு மாற்றுங்கள். மாற்றிவிட்டால் ஃபர்னஸையும் கெட்டிலையும் வெயில் விழும் ஜன்னலையும் ஒரே வரிசையில் வைத்து ஒப்பிடலாம். எது பணத்தைத் தின்கிறது, எது சும்மா கிடைக்கிறது என்பதும் அப்போதுதான் தெரியும்.

வேகம் வேறு, அளவு வேறு

யாழ்ப்பாணத்தில் அல்லது சென்னையில் பாவித்த கெட்டிலை விட இங்கே வாங்கிய கெட்டில் மெதுவாகக் கொதிக்கிறது என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது உண்மைதான். இலங்கையிலும் இந்தியாவிலும் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், இங்கே சாதாரண பிளக்கில் 120 வோல்ட். சமையலறைச் சுற்று 15 ஆம்பியர் என்றால் அதிலிருந்து எடுக்கக்கூடிய உச்ச வலு 120ஐ 15ஆல் பெருக்கினால் வரும் 1,800 வாட். அதனால்தான் கனடாவில் விற்கும் கெட்டில்களும் அறை ஹீட்டர்களும் 1,500 வாட்டோடு நின்றுவிடுகின்றன. ஊரிலோ 2,200 வாட் கெட்டிலும் கிடைக்கும்.

ஒன்றரை லீட்டர் தண்ணீரை 20 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 500 கிலோஜூல் வேண்டும். கெட்டிலின் உடம்பு சூடாகும் இழப்பை விட்டுவிட்டால், 2,200 வாட் கெட்டிலுக்கு இது நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைந்த வேலை, 1,500 வாட் கெட்டிலுக்கு ஐந்தரை நிமிட வேலை. ஆனால் இரண்டும் எடுத்த சக்தி ஒன்றே: 0.14 கிலோவாட்மணி. பில்லில் விழும் தொகை இந்தக் கிலோவாட்மணி எண்ணுக்கு. பிரேக்கர் விழுவதும் வயர் சூடாவதும் வாட் எண்ணால். இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் அத்தியாயத்தின் பாதி முடிந்தது என்றே சொல்வேன்.

கிலோவாட்மணி என்பது நாம் ஊரில் யூனிட் என்று சொன்ன அதே அளவுதான். 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பேஸ்மென்ட் அறையில் 1,500 வாட் ஹீட்டரை இரவு எட்டு மணி நேரம் நிற்காமல் ஓடவிட்டால் 12 யூனிட், முப்பது இரவுக்கு 360 யூனிட். கீழ்வீட்டில் வாடகைக்கு இருக்கும் மாணவர்களுக்கும் புதிதாக வந்த குடும்பங்களுக்கும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாடகை வீட்டைக் குளிர்காலத்தில் 21 பாகை செல்சியஸில் வைத்திருப்பது ரொறன்ரோ மாநகரச் சட்டப்படி வீட்டுக்காரரின் பொறுப்பு. அறை அந்தச் சூட்டுக்கு வராததால் நீங்கள் ஹீட்டர் போட்டு ஹைட்ரோ பில்லையும் பங்கிட்டுக் கட்டுகிறீர்கள் என்றால், அவர் செய்ய வேண்டிய வேலையை உங்கள் காசில் செய்கிறீர்கள். ஒரு வெப்பமானியை அறையில் வைத்து, நேரத்தோடு படமெடுத்துக்கொண்டு முதலில் வீட்டுக்காரரிடம் பேசுங்கள். பேச்சு பலிக்காவிட்டால் மாநகரத்தின் 311 எண்ணுக்கு அழையுங்கள்.

ஒன்ராறியோவில் ஒரு யூனிட்டின் விலை நேரத்துக்கு நேரம் மாறும். வழக்கமான நேரவாரித் திட்டத்தில் வார நாட்களில் இரவு 7 மணி முதல் காலை 7 மணி வரையும், சனி ஞாயிறு முழுவதும் விலை குறைவு. உச்ச விலை நேரம் குளிர்காலத்தில் காலை 7 முதல் 11 வரையும் மாலை 5 முதல் 7 வரையும். கோடையில் அது பகல் 11 முதல் மாலை 5 வரை. 2023இல் வந்த நள்ளிரவுச் சலுகைத் திட்டத்தில் இரவு 11 முதல் காலை 7 வரை மிகவும் மலிவு, ஆனால் மாலை நேர விலை கடுமையாக இருக்கும். மின்கார் வைத்திருப்பவருக்கும் இரவு வேலை பார்ப்பவருக்கும் அது ஒத்துவரும். மாலை ஆறு மணிக்கு அடுப்பில் மூன்று சட்டி வைக்கும் வீட்டுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

எச்.பி. என்ற பழைய சொந்தம்

குதிரைவலு நமக்குத் தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பில் பழகிய அலகு. ஜேம்ஸ் வாட் தன் நீராவி இயந்திரத்தை விற்க, குதிரையோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. நிமிடத்துக்கு 33,000 அடி-இறாத்தல் வேலை என்று அவர் வகுத்தது இன்றைய கணக்கில் 746 வாட். அவர் பெயரையே அலகுக்கு வைக்கலாம் என்று வில்லியம் சீமென்ஸ் 1882இல் பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தில் முன்மொழிந்தார். கோயம்புத்தூர் மோட்டார்த் தகடுகளில் 5 எச்.பி. என்பதற்குப் பக்கத்தில் 3.7 கிலோவாட் என்று அடித்திருப்பது இந்தக் கணக்குத்தான். இரண்டு எச்.பி. பம்ப் மோட்டார் ஒன்று தரும் வலுவும் ரொறன்ரோ கெட்டில் இழுக்கும் வலுவும் கிட்டத்தட்ட ஒன்று.

ஊரிலிருந்து மிக்ஸியோ கிரைண்டரோ கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 120 வோல்ட்டை 230 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும்போது, கருவியின் வாட் எண்ணைப் போல இரு மடங்கு தாங்குவதாகப் பாருங்கள். மோட்டார் புறப்படும் கணத்தில் தகட்டில் போட்டிருப்பதை விட மிக அதிகமாக இழுக்கும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றுமே தவிர அலைவெண்ணை மாற்றாது. ஊரில் 50 ஹெர்ட்ஸ், இங்கே 60. அதனால் பல கிரைண்டர்களின் கல் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும், மாவும் சூடாகும். இங்கேயே 110 வோல்ட்டுக்குச் செய்த கிரைண்டர் கிடைக்கும்போது அந்தத் தொல்லை எதற்கு?

பிரேக்கர் பெட்டியைத் திறந்து பாருங்கள்

வெக்ஸ்போர்டின் ஒற்றைத் தள வீடுகள், அதாவது பங்களோக்கள், பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 1950களில் எழுந்தவை. அந்தக் காலத்து வீட்டுக்கு 60 ஆம்பியர் இணைப்பே தாராளம் என்று கருதினார்கள். 240 வோல்ட்டில் அது 14,400 வாட். பின்னர் பல வீடுகள் 100 ஆம்பியருக்கு, அதாவது 24,000 வாட்டுக்கு மாறின. உங்கள் வீடு எது என்பதை மெயின் பிரேக்கரில் போட்டிருக்கும் எண் சொல்லும்.

இப்போது ஒரு மாலை நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். மேல்வீட்டு அடுப்பில் இரண்டு சுருள், ஓவனும் சேர்த்து 5,000 வாட். கீழ்வீட்டில் இன்னோர் அடுப்பு, அதற்கும் 3,000. உடுப்பு உலர்த்தி 5,000. மத்திய ஏசி 2,200. இத்தனைக்கே 15,200 வாட் வந்துவிட்டது. இதற்கு மேல் 32 ஆம்பியர் மின்கார் சார்ஜர் ஒன்று 7,680 வாட் கேட்கும். 60 ஆம்பியர் வீடு சார்ஜர் வருவதற்கு முன்பே எல்லையைத் தாண்டிவிட்டது. 100 ஆம்பியர் வீடு விளிம்பில் நிற்கிறது. சார்ஜரைப் பின்னிரவுக்குத் தள்ளினாலே பல வீடுகளில் இணைப்பை மாற்றும் செலவு மிச்சமாகும். மாற்றத்தான் வேண்டும் என்றால் உரிமம் பெற்ற மின்பணி ஒப்பந்தக்காரரிடம் கொடுங்கள், மின் பாதுகாப்பு ஆணையத்தில் வேலையைப் பதிவுசெய்தார்களா என்று கேளுங்கள். "தெரிந்த பெடியன் ஒருவன் மலிவாகச் செய்வான்" என்ற பேச்சுக்கு இந்த ஒரு இடத்தில் காது கொடுக்காதீர்கள். சுவருக்குள் சூடாகும் வயர் யாருக்கும் சொல்லிவிட்டுத் தீப்பிடிப்பதில்லை.

பெரிய அளவில் வாட் எப்படி இருக்கும் என்று பார்க்க, பார்மசி அவென்யூவிலோ வார்டன் அவென்யூவிலோ பேருந்து போகும்போது தலையை உயர்த்தினால் போதும். தெருவுக்கு மேலே குறுக்கே போகும் அந்த உயரழுத்தக் கம்பிகள் கட்டினோ மின்பாதையைச் சேர்ந்தவை. 1928இல் கியூபெக் மாகாணத்துக் கட்டினோ ஆற்றின் பாகன் நீர்வீழ்ச்சியிலிருந்து 220,000 வோல்ட்டில் ரொறன்ரோவின் லீசைட் வரை மின்சாரம் கொண்டுவர அமைத்த வழி இது. கம்பிகளுக்குக் கீழே புல்தரையாக இருந்த நிலத்தில் இப்போது மெடோவே என்ற பெயரில் காட்டுப்பூ வெளியும் நடைபாதையும் ஸ்காபுறோவின் குறுக்கே வளர்ந்து வருகின்றன. மாலையில் நடப்பதற்கு நல்ல இடம்.

இந்த உயரத்தில் பேச்சு மெகாவாட்டில் இருக்கும். ஒரு மெகாவாட் பத்து லட்சம் வாட். பிக்கரிங் அணுமின் நிலையத்தின் ஓர் உலை ஏறக்குறைய 515 மெகாவாட் தரும். 1,500 வாட் கெட்டில்கள் மூன்று லட்சத்து நாற்பதாயிரத்தை ஒரே நேரத்தில் கொதிக்கவைக்க அது போதும். ஒன்ராறியோ முழுவதும் இதுவரை ஒரே நேரத்தில் இழுத்த உச்ச வலு 27,005 மெகாவாட். அது 2006 ஆகஸ்ட் 1ஆம் தேதி, கொடும் வெயிலில் எல்லா ஏசிகளும் ஓடிய நாள். பனிக்கால உச்சம் இதற்குக் கீழே 24,979 மெகாவாட், 2004 டிசம்பர் 20. குளிர்நாடு என்று நாம் சொல்லும் இடத்தில் மின்சாரத்துக்கு நெருக்கடி கோடையில் வருவதற்குக் காரணம், குளிருக்கு இங்கே பெரும்பாலான வீடுகள் மின்சாரத்தை அல்ல, காஸை எரிக்கின்றன.

பி.டி.யு., டன்

ஒரு இறாத்தல் தண்ணீரை ஒரு பாகை ஃபாரன்ஹைட் சூடாக்கும் வெப்பம் ஒரு பி.டி.யு. அது சக்தியின் அளவு, 1,055 ஜூல். கடையில் பெட்டியின் மேல் "8,000 பி.டி.யு" என்று போடும்போது அவர்கள் சொல்வது மணிக்கு 8,000 பி.டி.யு. அந்த "மணிக்கு" என்ற சொல்லை விட்டுவிடும் வழக்கம் வாங்குபவரைக் குழப்புகிறது, அதை நான் சற்றும் ஏற்கவில்லை. நீங்கள் மனதில் சேர்த்து வாசியுங்கள், பிறகு 3.4ஆல் வகுத்தால் வாட் வந்துவிடும். 60,000 பி.டி.யு ஃபர்னஸ் என்றால் 17,600 வாட், 17.6 கிலோவாட். நூற்றுக்கு 96 வினைத்திறனுள்ள புதிய ஃபர்னஸில் அதில் 16.9 கிலோவாட் வீட்டுக்குள் வரும், மிச்சம் வெள்ளைக் குழாய் வழியே வெளியே போகும்.

காஸ் பில்லின் கன மீட்டரையும் இதே வழிக்குக் கொண்டுவரலாம். ஒரு கன மீட்டர் இயற்கை வாயுவில் ஏறக்குறைய 38 மெகாஜூல் சக்தி இருக்கிறது. அது பத்தரை கிலோவாட்மணி. ஆகவே அந்த 60,000 பி.டி.யு ஃபர்னஸ் நிற்காமல் ஒரு மணி நேரம் எரிந்தால் மீட்டர் 1.7 கன மீட்டர் அளவுக்கு நகரும்.

இந்தக் கணக்கை வைத்து, ஃபர்னஸோ ஹீட் பம்ப்போ விற்க வருகிறவருக்கு முன்பாகவே உங்கள் வீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை என்பது ரொறன்ரோவின் வெப்பமூட்டலை வடிவமைக்கக் கட்டட விதிக்கோவை எடுத்துக்கொள்ளும் குளிர். அப்படியான ஓர் இரவில், தெர்மோஸ்டாட்டைத் தொடாமல், ஒரு மணி நேரத்தில் ஃபர்னஸ் மொத்தம் எத்தனை நிமிடம் எரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முப்பது நிமிடம் எரிந்தது என்று வையுங்கள். 16.9 கிலோவாட்டில் பாதி, அதாவது 8.5 கிலோவாட்தான் உங்கள் வீடு அந்தக் குளிரில் இழக்கும் வெப்பம். பி.டி.யுவில் 29,000. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கும்போது ஒருவர் வந்து, "பெரிய ஃபர்னஸ் போட்டால் பயமில்லை" என்று 100,000 பி.டி.யு இயந்திரத்தைக் காட்டினால், அது தேவையில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். அளவுக்கு மிஞ்சிய ஃபர்னஸ் சில நிமிடம் எரிந்து அணைந்து, மீண்டும் எரிந்து அணைந்து, காசையும் தின்று சீக்கிரம் பழுதாகும்.

டன் என்பதும் வலுவின் அலகுதான். ஐஸ் கட்டியை வெட்டியெடுத்துக் குளிரூட்டிய காலத்தின் எச்சம் அது. 2,000 இறாத்தல் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகி உறிஞ்சும் வெப்பத்தின் வேகம் ஒரு டன், மணிக்கு 12,000 பி.டி.யு, 3,517 வாட். மேலே சொன்ன வீட்டின் 8.5 கிலோவாட்டை ஈடுசெய்ய அந்தக் குளிரிலும் 2.4 டன் தரக்கூடிய ஹீட் பம்ப் வேண்டும். "அந்தக் குளிரிலும்" என்பதை அழுத்திக் கேளுங்கள். விற்பனைத் தாளில் முதலில் இருக்கும் எண் மிதமான குளிருக்கு உரியது. வெளியே குளிர் கூடக் கூட ஹீட் பம்ப் தரும் வெப்பம் குறையும்.

ஏசியில் இரண்டு வாட் எண்கள் உண்டு: அறையிலிருந்து வெளியேற்றும் வெப்பம் ஒன்று, அதற்காக இழுக்கும் மின்சாரம் மற்றது. மணிக்கு 24,000 பி.டி.யு வெளியேற்றும் இரண்டு டன் ஏசி ஏறக்குறைய 7,000 வாட் வெப்பத்தை 2,200 வாட் மின்சாரத்தில் தள்ளிவிடும். பி.டி.யுவை வாட்டால் வகுத்து வரும் எண், இங்கே 11, எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது. சக்கரத்தில் உருட்டும் ஏசிப் பெட்டிகளில் 12,000 என்று பெரிய எழுத்திலும் 8,000 போன்ற ஓர் எண் சிறிய எழுத்திலும் இருந்தால் சிறியதையே நம்புங்கள். குழாயின் சூடும் வெளியிலிருந்து இழுபடும் வெப்பக் காற்றும் கழித்த பிறகு மிஞ்சுவது அதுதான்.

வெளிச்சம்

மின்குமிழை வாட்டில் கேட்டு வாங்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 60 வாட் இழைக் குமிழும் 9 வாட் எல்.ஈ.டியும் தருவது அதே 800 லூமென். லூமென் என்பதும் கதிர்வீச்சின் வேகம்தான், ஆனால் மனிதக் கண்ணின் தராசில் நிறுத்தது. கண்ணுக்கு மிகக் கூர்மையாகத் தெரியும் பச்சை ஒளியில் ஒரு வாட் 683 லூமென். சிவப்பிலும் நீலத்திலும் அது வெகுவாகக் குறையும், அகச்சிவப்பில் பூச்சியம். பழைய குமிழ் தன் 60 வாட்டில் பெரும் பகுதியை அந்தக் கண்காணா வெப்பமாகவே வீசியது.

அந்த லூமென் ஒரு சதுர மீட்டரில் எவ்வளவு விழுகிறது என்பது லக்ஸ். பிள்ளைகள் படிக்கும் மேசைக்கு 300 முதல் 500 லக்ஸ் வேண்டும். கைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலிகள் உண்டு. துல்லியம் குறைவு, ஆனால் இந்த மூலை அந்த மூலையை விட இருட்டா என்று பார்க்கப் போதும்.

தெற்குப் பார்த்த ஜன்னல்

வெயிலுக்கு வந்தால் கேள்வி சற்று மாறும். ஒரு சதுர மீட்டரில் எத்தனை வாட் விழுகிறது, அந்தச் சதுர மீட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது?

வளிமண்டலத்துக்கு வெளியே, சூரியனை நேரே பார்க்கும் ஒரு சதுர மீட்டருக்கு 1,361 வாட் வருகிறது. தெளிந்த நடுப்பகலில் தரையில் சூரியனை நேரே பார்க்கும் பரப்புக்கு 1,000 வாட் அளவில். சோலார் பேனலில் 400 வாட் என்று போட்டிருப்பது, இந்த 1,000 வாட் விழும்போது, பேனலின் உள்கலம் 25 பாகையில் இருக்கும்போது தரும் எண். ரொறன்ரோவில் ஒரு கிலோவாட் பேனல் ஆண்டு முழுவதும் சேர்த்து 1,160 யூனிட் அளவில் தருகிறது. நான்கு கிலோவாட் கூரைக்கு 4,600 யூனிட்.

டிசம்பர் கடைசியில் நடுப்பகலில் யாழ்ப்பாணத்தில் சூரியன் அடிவானிலிருந்து 57 பாகை உயரத்தில் நிற்கும். ரொறன்ரோவில் 23 பாகை. தரையில் கிடக்கும் சதுர மீட்டருக்கு அங்கே தெளிந்த நாளில் 800 வாட் விழும்போது, இங்கே 330 வாட்கூட வருவது கடினம். குளிர்கால வெயில் ஒன்றுக்கும் உதவாது என்று எல்லோரும் முடிவுகட்டுவது இந்த எண்ணால்தான். ஆனால் உங்கள் ஜன்னல் தரையில் கிடக்கவில்லை, நிமிர்ந்து நிற்கிறது. சூரியன் தாழ்ந்து நிற்கும்போது தெற்குப் பார்த்து நிமிர்ந்து நிற்கும் கண்ணாடிக்கு அதே நேரத்தில் சதுர மீட்டருக்கு 700 முதல் 800 வாட் விழுகிறது. மேல் பால்கனியின் நிழலும் அந்தத் தாழ்ந்த வெயிலைப் பெரிதாகத் தடுக்காது.

விக்டோரியா பார்க் அவென்யூ ஓரத்து அடுக்குமாடிகளில் தெற்குப் பார்த்த பால்கனிக் கதவுள்ள வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மூன்று சதுர மீட்டர், விழுவது 2,250 வாட். இரட்டைக் கண்ணாடி அதில் ஏறக்குறைய 60 வீதத்தை உள்ளே விட்டால் 1,350 வாட். பிளக்கில் போடாத ஒரு ஹீட்டர் நடுப்பகலில் உங்கள் அறையில் எரிகிறது. தனியுரிமைக்காகவும் பழக்கத்தாலும் நம்மவர் வீடுகளில் நாள் முழுவதும் மூடியே கிடக்கும் கனத்த திரைகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் கேட்பதில்லை. வெயில் அடிக்கும் நாட்களில் பத்து மணி முதல் மூன்று மணி வரை திறந்து விடுங்கள். வெயில் போனதும் இழுத்து மூடுங்கள். வெளியே பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகை என்றால் அதே கண்ணாடி இரவில் 260 வாட் அளவில் வெளியே விடுகிறது. முகில் மூடிய நாட்களில், டிசம்பரில் அவை அதிகம், இந்தக் கணக்கு சுருங்கிவிடும். ஜனவரி கடைசியிலிருந்து பலன் நன்றாகத் தெரியும். புதிய கண்ணாடி போடும் எண்ணம் இருந்தால், தெற்குப் பக்கத்துக்கு வெயிலின் வெப்பத்தை அதிகம் விடும் வகையையும் மேற்குப் பக்கத்துக்குக் குறைவாக விடும் வகையையும் கேளுங்கள்.

அறைக்காற்று 21 பாகை என்று தெர்மோஸ்டாட் காட்டியும் ஜன்னலோரச் சோபாவில் இருப்பவருக்குக் குளிர்வதற்கும் வாட் கணக்கில் விளக்கம் உண்டு. நம் தோல் 33 பாகையில் சதுர மீட்டருக்கு 497 வாட் கதிராக வீசிக்கொண்டே இருக்கிறது. 20 பாகைச் சுவர் 418 வாட்டைத் திருப்பித் தரும், 5 பாகைக் கண்ணாடி 339 வாட்தான் தரும். சுவரைப் பார்த்திருந்தால் 79 வாட் இழப்பு, கண்ணாடியைப் பார்த்திருந்தால் 158. இரட்டிப்பு இழப்பு. வயதானவர்களின் கட்டிலை வெளிச்சுவர் ஜன்னலிலிருந்து உள்ளே நகர்த்துவது, தெர்மோஸ்டாட்டை இரண்டு பாகை ஏற்றுவதை விட நல்ல வைத்தியம்.

ரொறன்ரோ தந்த எண்

புறஊதாச் சுட்டெண் உலகத்துக்குப் போனது இந்த நகரத்திலிருந்துதான். டவுன்ஸ்வியூவில் உள்ள கனடாச் சுற்றுச்சூழல் துறை ஆய்வகத்தில் ஜிம் கெர், டாம் மக்எல்ராய், டேவிட் வார்டில் ஆகியோர் உருவாக்கிய முறையில், 1992 மே மாதத்தில் கனடா அன்றாட முன்னறிவிப்பைத் தொடங்கியது. 1994இல் உலக சுகாதார அமைப்பும் உலக வானிலை அமைப்பும் அதை ஏற்றன. சுட்டெண்ணுக்குப் பின்னாலும் வாட்தான் இருக்கிறது: தோலைச் சிவக்கவைக்கும் தன்மைக்கு ஏற்ப நிறுத்த புறஊதாக் கதிர், சதுர மீட்டருக்கு 0.025 வாட் வந்தால் சுட்டெண் 1. எட்டு என்றால் 0.2 வாட். ஆயிரம் வாட் வெயிலில் இது ஒரு துளி, தோலை எரிப்பது அந்தத் துளி.

ஆகவே வெயிலின் சூட்டை வைத்து இதை மதிப்பிடக் கூடாது. மே மாதத்துக் குளிர்காற்றில் சூடே தெரியாமல் சுட்டெண் 7 இருக்கலாம். புதுப் பனி புறஊதாவில் நூற்றுக்கு 80 வரை திருப்பி அடிக்கும். டிசம்பரில் சுட்டெண் 1க்குப் பக்கத்தில் கிடக்கும், ஜன்னல் கண்ணாடியோ தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் பகுதியைத் தடுத்துவிடும். கறுத்த தோலுக்கு அந்தக் கதிர் இன்னும் அதிகம் வேண்டும். ஜன்னலோரம் வெயில் காய்வதால் வைட்டமின் டி கிடைக்கும் என்று இருந்துவிடாமல் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள்.

கறிவேப்பிலைக்கு எவ்வளவு?

நம்மவர் வீட்டில் தொட்டியில் நிற்கும் கறிவேப்பிலை மரம் அக்டோபரில் உள்ளே வந்துவிடும். பனிக்காலத்தில் அது இலை உதிர்த்துப் பலவேளை செத்தும் போவதற்குக் குளிரை மட்டும் குற்றம் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் வெளிச்சம். கோடைப் பகலில் வெளியே 100,000 லக்ஸ் இருக்கும். அறையின் நடுவில் 200 அல்லது 300. நம் கண் இரண்டுக்கும் பழகிக்கொள்வதால் வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை, செடிக்குத் தெரியும்.

செடிக்கு லூமென் சரியான அளவு அல்ல. செடி ஒளித்துகள்களை எண்ணுகிறது: ஒரு விநாடியில் ஒரு சதுர மீட்டரில் எத்தனை மைக்ரோமோல். முழு வெயில் ஏறக்குறைய 2,000. செடிவிளக்கு வாங்கும்போது "1000 வாட்" என்ற பெரிய எழுத்தைத் தள்ளிவிட்டு, உண்மையில் பிளக்கிலிருந்து எத்தனை வாட் இழுக்கிறது என்றும், எத்தனை அடி தூரத்தில் எத்தனை மைக்ரோமோல் தருகிறது என்றும் பாருங்கள். உண்மையில் 100 வாட் இழுக்கும் விளக்கையே அந்தப் பெயரில் விற்கிறார்கள். செடியின் உச்சியில் 200 மைக்ரோமோல் கிடைக்கும் உயரத்தில் தொங்கவிட்டு நாளுக்கு 14 மணி நேரம் எரித்தால் மொத்தம் 10 மோல் சேரும். தெற்கு ஜன்னலும் கூட இருந்தால், ஒரு சிறிய செடி பச்சையாகவே பனிக்காலத்தைக் கடக்க நான் வைக்கும் குறி அதுதான். 30 வாட் இழுக்கும் நல்ல எல்.ஈ.டி ஒன்று நாளுக்கு 0.42 யூனிட், மாதத்துக்கு 13 யூனிட் எடுக்கும். டைமரை மலிவு நேரத்துக்கு முழுதாக வைக்க முடியாது, செடிக்கும் இரவு வேண்டும். அதிகாலை 5 மணி முதல் மாலை 7 வரை வைத்தால் ஜன்னல் வெளிச்சமும் விளக்கும் ஒன்றாகச் சேரும்.

மே மாதக் கடைசியில், இரவுக் குளிர் பத்துப் பாகைக்கு மேல் நிலைத்த பிறகு வெளியே எடுங்கள். 200 மைக்ரோமோலில் இருந்த இலையை ஒரே நாளில் 2,000க்கும் சுட்டெண் 8க்கும் கொண்டுபோனால் வெளுத்துக் கருகிவிடும். முதல் வாரம் வேலியின் நிழலில், அடுத்த வாரம் காலை வெயிலில் மட்டும், பிறகு முழு வெயிலுக்கு.